வால் முளைத்த செல்கள்

புகாரில் பிணம் இல்லை. நகை இல்லை, கத்தி இல்லை, உடைந்த பூட்டுகூட இல்லை. ஆறு கண்ணாடித் துண்டுகள் மட்டும் இருந்தன. அவற்றை யாரோ வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேராசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். ஸ்டேஷனில் அதைப் படித்த ஒவ்வொருவரும் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசி மேசை இன்ஸ்பெக்டருடையது. அவருக்குத் தள்ளிவிட ஆளும் இல்லை, தெம்பும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சர்க்கரை அவருடைய உடம்பில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. காலையில் பாதம் எரியும், மத்தியானம் மரத்துப்போகும். ஆராய்ச்சிக் கூடம் மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவருக்கு முதல் கோபம் குற்றவாளி மேல் வரவில்லை. கட்டடம் கட்டியவன் மேல்தான் வந்தது.

மேலே ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது மணி ஒன்பதரை. பேராசிரியர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்க மேடம். நல்ல செல்."

கறுப்புப் பின்னணியில் ஒரு பச்சை வெளிச்ச உருண்டை. அடக்க ஒடுக்கமாக இருந்தது.

"இது சேதமான செல்."

இதுவும் உருண்டைதான். ஆனால் பின்னால் நீளமாக ஒரு வால் இழுத்துக்கொண்டு போயிற்று.

"செல்லுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ. ஒரு நீள நூல். அது அங்கங்கே அறுந்திருந்தா, நாங்க மின்சாரம் விட்டதும் அறுந்த துண்டெல்லாம் வெளியே ஓடி வால் மாதிரி நிக்கும். வால் எவ்வளவு நீளமோ சேதம் அவ்வளவு."

"சர்க்கரைக்காரங்களுக்கு?"

"மத்தவங்களைவிட நீளமாத்தான் வருது. சர்க்கரையை ஆறு மாசம் கட்டுல வச்சா வால் குறையுதான்னு பார்க்கறோம். அதுதான் ஆராய்ச்சியே."

இன்ஸ்பெக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலில் புண் வரும் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அவருக்குக் காது புளித்துப்போயிருந்தது. செல்லுக்குள் புகுந்து நூலையும் அறுக்கும் என்பது புதுச் செய்தி. பயம்கூட வரவில்லை. இன்னும் என்னதான் பாக்கி என்று அலுப்பாக இருந்தது.

"என்ன கெட்டுப்போச்சு?"

பேராசிரியர் விவரமாகச் சொன்னார். மாத்திரை சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள் நாற்பது பேர். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, சர்க்கரை இல்லாத அதே வயதுக்காரர்கள் இருபது பேர். ஆரம்பத்தில் ஒருமுறை எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை அளவும் அப்போதே பார்த்தாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து, போன வாரம், மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை செல்லை மட்டும்தான் பார்த்தார்கள். சர்க்கரை இல்லாத இருபது பேரில் பதினான்கு பேருக்கு வால் சின்னது. மீதி ஆறு பேருக்கு எக்கச்சக்க நீளம்.

"சர்க்கரைக்காரங்களைவிடவா?"

"அவங்களைவிடவும்தான்! நல்லா இருக்கிற மனுஷனுக்கு ஆறு மாசத்துல இப்படி ஆகுமா? கண்ணாடி ஸ்லைடை யாரோ வெளிச்சத்துல காட்டியிருக்காங்க மேடம். வெள்ளை வெளிச்சம் பட்டாலே நூல் அறுந்துடும். அதனாலதான் இருட்டறையில மஞ்சள் பல்பு போட்டு வேலை செய்யறோம். அந்த அறைக்குச் சாவி ஒருத்திகிட்டத்தான் இருக்கு."

அந்த ஒருத்தியை எல்லோரும் வால்நட்சத்திரம் என்று கூப்பிட்டார்கள். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் வால்களை எண்ணுவதால் வந்த பெயர். முப்பத்தாறு வயது. குழந்தை பிறந்ததும் படிப்பை விட்டு, வீட்டில் எல்லோரோடும் மல்லுக்கட்டித் திரும்பி வந்த ஆராய்ச்சி மாணவி. இமைகள் வீங்கியிருந்தன.

"கெடுத்தது நீங்களா?"

"நான் பெத்த பிள்ளையை நானே கிள்ளுவேனா மேடம்?"

"பேராசிரியரோட சண்டையாமே."

"ஆமா. கட்டுரையில என் பேரைக் கடைசியில போட்டார். மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அதை மனசுல வச்சுக்கிட்டு இப்ப பழி தீர்த்துட்டேன்னு சொல்றார்."

"அடுத்து என்ன?"

"வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக் குழு கூடுது. என் பதிவை ரத்து பண்ணச் சொல்லப்போறார். ரத்தானா எனக்கு வயசு தாண்டிப்போச்சு, வேற எங்கேயும் சேர்க்க மாட்டாங்க." அவள் கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்துத் துடைத்துச் சலித்திருக்க வேண்டும். "படிச்சுக் கிழிச்சது போதும்னு வீட்டுல சொல்லுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டு மீதிக் காலத்தை ஓட்டணும்."

"இந்த ஆறு பேர் யார் யார்?"

"தெரியாது. ரத்தக் குழாய்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். பேரும் தெரியாது, சர்க்கரை இருக்கிறவரா இல்லாதவரான்னும் தெரியாது. தெரிஞ்சா எண்ணும்போது மனசு ஒரு பக்கம் சாயும்னு அப்படி ஒரு ஏற்பாடு. அறுபதையும் எண்ணி முடிச்ச பிறகுதான் சார் பீரோவிலிருந்து உறையை எடுத்துப் பிரிச்சார். அதுலயும் யார் எந்தப் பிரிவுன்னு மட்டும்தான் இருந்தது."

இருட்டறை குளியலறை அளவுதான். ஒரு மேசை, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஸ்லைடு அடுக்கும் மூன்று தட்டுகள். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் விளக்கைப் போட்டார். மஞ்சள் வெளிச்சத்தில் அவருடைய கையே காமாலைக் கை மாதிரி தெரிந்தது. பல்பில் தூசி இல்லை. அதை மாட்டியிருந்த ஹோல்டரில் தூசி படிந்திருந்தது.

"பல்பு புதுசா?"

வால்நட்சத்திரம் விழித்தாள். ஸ்டோர்க்காரரை வரவழைத்தார்கள். பெரிய மனிதர், பெரிய மீசை. உள்ளே வரும்போதே மீசை தொங்கிவிட்டது.

"போன வாரம் மஞ்சள் பல்பு ஃபியூஸ் போச்சுங்கம்மா. ஸ்டாக் இல்ல. இந்தப் பாப்பா ஊர்ல இல்லாத அன்னிக்கு, இருட்டா கிடக்கேன்னு மாத்துச் சாவி போட்டுத் திறந்து வெள்ளை பல்பு மாட்டிட்டேன். மறுநாளே மஞ்சள் வந்துடுச்சு, மாத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல. தப்புதான்."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று பேராசிரியர் துள்ளினார். "அவ ஒழுங்கா மூடி வச்சிருந்தா ஆகுமா? வேணும்னு பண்ணலைன்னாலும் அலட்சியம் அலட்சியம்தானே?"

வால்நட்சத்திரம் சுவரில் சாய்ந்துவிட்டாள். ஸ்டோர்க்காரர், "ஐயோ, என்னால அந்தப் பொண்ணுக்கா?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் இன்ஸ்பெக்டருக்கும் வேலை முடிந்தது. காலைத் தூக்கிப் போட்டுப் படுக்கலாம். அவருக்கு அந்த ஆசை நிஜமாகவே வந்தது.

ஆனாலும் ஒரு ஆள் பாக்கி. ரத்தம் எடுத்து வந்தவரைப் பார்க்காமல் எழுதினால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள்.

அவருக்குப் பெயர் ஊசி. எல்லோருக்கும் ஊசி அண்ணே. சர்க்கரைக்காரர்கள் கிளினிக்குக்கு வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்; சர்க்கரை இல்லாதவர்களிடம் இவர்தான் வீடு வீடாகப் போய் வாங்கி வர வேண்டும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். கழுத்தில் அடையாள அட்டை: புகைப்படம், பதவி, ரத்த வகை பி நெகட்டிவ். புகைப்படத்தில் இருந்தவருக்கு நல்ல கன்னம் இருந்தது. எதிரில் நின்றவருக்கு அது வற்றியிருந்தது. பெல்ட்டில் கடைசித் துளைக்கும் அப்பால் ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்று.

"உட்காருங்க. இளைச்சுட்டீங்க போல."

"வெயில்ல அலைச்சல் மேடம். ஊர்ல பாதிப் பேர் கையில என் ஊசி ஏறியிருக்கு, சும்மாவா?" என்று சிரித்தார். பையிலிருந்து பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, பாதியைக் காலி செய்தார்.

"ஒவ்வொரு வீட்டுலயும் கொடுக்கிறாங்களா?"

"எங்க மேடம்! சர்க்கரைக்காரங்க பாவம், பழகிட்டாங்க, பார்த்ததும் கையை நீட்டிடுவாங்க. நல்லா இருக்கிறவன் இருக்கானே, அவன்தான் கதவையே திறக்க மாட்டான். எனக்கென்ன கேடு, நான் எதுக்கு ரத்தம் கொடுக்கணும்பான்."

"இருந்தாலும் இருபது பேர்கிட்டயும் வாங்கிட்டீங்க."

"கெஞ்சிக் கூத்தாடித்தான்." எழுந்தார். "ஒரு நிமிஷம் மேடம், பாத்ரூம்."

திரும்பி வந்தார். இன்ஸ்பெக்டர் இருட்டறையைப் பற்றிக் கேட்டார். அந்தப் பக்கமே தான் போனதில்லை என்றார். அது உண்மை என்று எல்லோரும் சொன்னார்கள். மீதித் தண்ணீரையும் குடித்தார். "அந்தப் பொண்ணு தப்பு பண்ணாது மேடம். அழுதுகிட்டே இருக்கு, பாவம். நான்தான் தினமும் டீ வாங்கிக் கொடுத்துத் தேத்தறேன்." சொல்லிவிட்டு மறுபடி எழுந்தார். "மன்னிச்சுக்குங்க, இதோ வந்துடறேன்."

மணி ஒன்று. கணவர் போன் செய்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுங்க."

"பொய். குரலே கிணத்துக்குள்ளேயிருந்து வருது. மாத்திரை போட்டியா? மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா மயங்கி விழுவே. அப்புறம் இன்ஸ்பெக்டரைக் காணோம்னு நான் எங்க போய்ப் புகார் கொடுக்கறது?"

"வைங்க. சாப்பிடறேன்."

டப்பாவைத் திறந்தார். ஆறிப்போன சாப்பாடு, அலுத்துப்போன மனசு. மெல்லும்போது தட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. மூன்று தட்டுகள். அறுபது ஸ்லைடுகள். மெல்லுவதை நிறுத்தினார்.

"அந்த ஆறு ஸ்லைடும் எந்தத் தட்டுல இருந்தது?" என்று வால்நட்சத்திரத்தைக் கேட்டார்.

"மூணு தட்டுலயும் கலந்து மேடம். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு."

"பக்கத்து ஸ்லைடெல்லாம்?"

"நல்லாத்தான் இருக்கு. போன தடவை மாதிரியேதான்."

"அந்த ஆறோட வால் நீளத்தைச் சொல்லுங்க."

அவள் படித்தாள். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே சோற்று டப்பாவை மூடினார். சர்க்கரைக்காரர்கள் நாற்பது பேருக்கும் நாற்பது விதமான வால். இந்த ஆறு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

"மீதி ரத்தம் இருக்கா?"

"ஃபிரிட்ஜ்ல கொஞ்சம் கொஞ்சம் இருக்கு."

"ரெண்டு வேலை பண்ணுங்க. ஆறு குழாய்லயும் ரத்த வகை பாருங்க. அப்புறம் மூணு மாச சராசரி சர்க்கரை பார்ப்பாங்களே, அதையும். பேராசிரியரே, நீங்க பக்கத்துல நின்னு பார்க்கணும். அப்புறம் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது."

மாலை நான்கு மணிக்கு நான்கு பேரையும் பேராசிரியரின் அறையில் உட்காரவைத்தார். தானும் உட்கார்ந்தார். நின்றுகொண்டே விளக்குவதற்குக் காலில் பலம் இல்லை.

"முதல்ல ஸ்டோர்க்காரர். வெள்ளை பல்பு போட்டது தப்பு. ஆனா வெளிச்சம் ஆள் பார்த்து அடிக்காது. ஒரே தட்டுல ரெண்டு ஸ்லைடை மட்டும் கெடுத்துட்டு, ஒட்டி நிக்கறதை விட்டுட்டுப் போகுமா? ஸ்லைடு அன்னிக்கு மூடித்தான் இருந்திருக்கு. அதனால பல்பு இல்ல."

ஸ்டோர்க்காரரின் மீசை கொஞ்சம் நிமிர்ந்தது.

"அடுத்தது இவங்க. கெடுக்கணும்னு நினைச்சிருந்தா கைக்குக் கிடைச்சதைக் கெடுத்திருப்பாங்க. அதுல சர்க்கரைக்காரங்களும் மாட்டியிருப்பாங்க, நாற்பது பேர் ஆச்சே. கெட்டது ஆறுமே சர்க்கரை இல்லாதவங்களோடது. யார் இல்லாதவங்கன்னு அறுபதையும் எண்ணி முடிக்கற வரைக்கும் இவங்களுக்குத் தெரியாது. தெரியாத ஆறை எப்படிப் பொறுக்கி எடுப்பாங்க?"

"அப்ப உறை வச்சிருந்த நான்தானா?" என்றார் பேராசிரியர், முகம் சிவந்து.

"உங்க ஆராய்ச்சியை நீங்களே கெடுத்துட்டு நீங்களே போலீசைக் கூப்பிடற அளவுக்கு உங்களுக்கு நேரம் இல்ல சார். ஸ்லைடை யாருமே தொடல. இருட்டறைக்கு வரும்போதே ரத்தம் அப்படித்தான் வந்திருக்கு. வெளிச்சம், சாவி, சண்டைன்னு எல்லாரும் இருட்டறையையே சுத்தினோம். ரத்தம் யாரோடதுன்னு யாரும் கேட்கல."

ஊசி தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அது காலியாக இருந்தது.

"ஆறு குழாய். ஆறு பேர் ரத்தம்னு எழுதியிருக்கு. இன்னிக்குப் பார்த்தோம். ஆறும் பி நெகட்டிவ். நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் இருக்கும். இங்க வரிசையா ஆறு பேருக்கு வந்திருக்கு. வாலும் ஒரே நீளம். ஆறு பேர் இல்ல. ஒரே ஆள்." அவர் குரலை உயர்த்தவில்லை. "சட்டைக் கையை மடிங்க."

ஊசி இடது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, மெதுவாக மடித்தார். முழங்கை மடிப்பில் நரம்பின் மேல் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போன தடம். வலது கையால் தானே குத்திக்கொண்டது.

"ரெண்டு பேர் லாரியில வெளியூர் போயிட்டாங்க," என்று ஆரம்பித்தார். "ஒருத்தர் வீட்டுல அவங்க சம்சாரம் வாசல்லயே நிக்கவச்சுத் திட்டினாங்க. மீதிப் பேர் கதவைத் திறக்கல. இருபதுல ஒண்ணு குறைஞ்சாலும் வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு சார் சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து யோசிச்சேன். எனக்கும் அதே வயசு. எனக்கும் சர்க்கரை இல்ல. நல்லா இருக்கிறவன் ரத்தம்தானே கேட்கறாங்க, எவன் ரத்தமா இருந்தா என்னன்னு..."

வால்நட்சத்திரம் எழுந்து நின்றாள். "நாலு நாளா நான் அழறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தீங்க."

"உன் மேல பழி விழும்னு நினைக்கலம்மா. விழுந்த பிறகு வாய் வரல. கோழை மாதிரி இருந்துட்டேன்."

"மாதிரி என்ன மாதிரி?" என்றாள் அவள்.

"கேஸ் போடுங்க மேடம்!" என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார்.

"போடலாம். முதல்ல நீங்க குழுவுக்குப் போன் போட்டு இவங்க மேல தப்பில்லைன்னு சொல்லுங்க. இப்பவே. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பேராசிரியர் போன் செய்தார். முதல் வாக்கியம் பாதியில் நின்றது. இரண்டாவது ஒழுங்காக வந்தது. வால்நட்சத்திரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஊசியின் பக்கம் திரும்பினார்.

"சர்க்கரை இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே மேடம்."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

ஊசி ஊர் பாதிக்கு ரத்தம் எடுத்தவர். எத்தனையோ பேருக்கு அவர்களுடைய அளவைப் படித்துக் காட்டி, இனிப்பை நிறுத்துங்க என்று கண்டித்தவர். தன்னுடையதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"தாகம். அடிக்கடி பாத்ரூம். கன்னம் வத்திப்போச்சு, பெல்ட்டுக்குப் புதுத் துளை. எனக்கு வந்த புதுசுல நானும் வெயில் வெயில்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். காலையில உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. சர்க்கரை இல்லாதவங்க ரத்தத்துல மாத்திரை சாப்பிடறவங்களைவிட நீள வால் வந்தா, அது சர்க்கரை இருந்தும் மாத்திரை சாப்பிடாத ஆளோடதா இருக்கலாமேன்னு தோணுச்சு." அவர் மேசைமேல் இருந்த தாளை நகர்த்தினார். "மூணு மாச சராசரி. ஆறு குழாய்லயும் இதுதான்."

ஊசி பார்த்தார். பதினொன்றரை. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாருது இது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் முழங்கையைப் பார்த்தார்.

ஸ்டோர்க்காரர் மெதுவாக எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"அந்த வால்..." என்றார் ஊசி கடைசியில், வால்நட்சத்திரத்தைப் பார்த்து. "அது என்னோடதுதானே. மருந்து சாப்பிட்டா குறையுமாம்மா?"

அவள் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். கோபத்தில் எதையாவது சொல்லியிருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டரும் காத்திருந்தார். அவருக்கும் அந்தப் பதில் வேண்டும்.

"அறுந்த நூலை உடம்பே ஒட்டிக்கப் பார்க்கும் அண்ணே. சர்க்கரை கட்டுல இருந்தா இன்னும் நல்லா ஒட்டலாம். எவ்வளவு ஒட்டும்னு எனக்குத் தெரியாது. அதைத்தான் ஆறு மாசமா இங்க பார்த்துக்கிட்டிருந்தோம். இனிமே முதல்லேயிருந்து பார்க்கணும்."

ஊசியின் முகம் அப்போதுதான் உடைந்தது. வேலை போகும் என்று தெரிந்தபோது அழாதவர், இதற்கு அழுதார்.

இன்ஸ்பெக்டருக்கு அவர் மேல் கோபமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சுமக்க அன்றைக்கு அவருக்குச் சக்தி இல்லை. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார்.

"வாங்க அண்ணே," என்றார். "கேஸை நாளைக்குப் பேசிக்கலாம். எனக்குப் பார்க்கிற டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருப்பார்."